சங்கத்துக்கு உழைத்தவர்களை எப்படிக் கௌரவிப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாவட்டத் தமிழ்ச் சங்கம், வட்டார வாசகர் வட்டம், ஊர் நலச் சங்கம் என்று பெயர் எதுவானாலும், சம்பளம் வாங்காத நாலைந்து பேர்தான் அதைத் தோளில் சுமக்கிறார்கள். ஆண்டுவிழா நெருங்கும்போது அவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று செயற்குழுவில் பேச்சு வரும். அப்போது எழும் சந்தேகங்கள் ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான். எங்கள் மாவட்டச் சங்கத்தில் முதலில் இணைச் செயலாளராகவும் பிறகு செயலாளராகவும் இருந்தேன். பொன்விழாவை ஒட்டி, அதுவரை பொறுப்பில் இருந்த எல்லோரையும் தேடிப் பட்டியல் எடுக்கும் வேலை என்னிடம் வந்தது. அதில் கற்றதையும், அதன் பிறகு மற்ற சங்கத்து நண்பர்கள் என்னிடம் கேட்டவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுக்கு அடிக்கடி கரந்தைத் தமிழ்ச் சங்கத்திடம் போவேன். ஊர்ச் சங்கம் ஒன்று எவ்வளவு தூரம் போக முடியும் என்று கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

"எனக்கு எதுக்குப்பா இதெல்லாம்" என்று அவர்களே மறுக்கிறார்கள். வற்புறுத்தலாமா?

அவர்கள் வேண்டாம் என்பது மேடையையும் சால்வையையும். தாங்கள் செய்த வேலையை யாராவது கேட்டுத் தெரிந்துகொள்வதை யாரும் வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

எங்கள் முன்னாள் பொருளாளர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். விழாவுக்கு வர முடியாது என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். சரி, வர வேண்டாம், சங்கக் கட்டடம் கட்டியபோது பணம் எப்படித் திரண்டது என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். அதற்குள் ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டைகள், ரப்பர் பேண்டு போட்டு, ஆண்டுவாரியாக. ஐந்து ரூபாய் கொடுத்தவர் பெயரும் இருந்தது. கம்பி வாங்கிய கடையின் பில் இருந்தது. தளம் போட்ட நாளில் மழை வந்து, பக்கத்து அச்சகத்திலிருந்து தார்ப்பாய் கடன் வாங்கி மூடியதைச் சொன்னார். இரண்டரை மணி நேரம் பேசினார். கிளம்பும்போது, "இதைக் கேக்க இத்தனை வருஷமா யாரும் வரலையே தம்பி" என்றார். கடைசியில் விழாவுக்கும் வந்தார்.

இன்னொரு காரணமும் உண்டு. கட்டடம் நிற்கும் இடம் யார் பெயரில் இருக்கிறது, பக்கத்து வீட்டாரோடு பாதைக்கு என்ன ஒப்பந்தம் என்பதெல்லாம் பழையவர்களுக்கு மட்டுமே தெரிந்திருக்கும். அவர்களைத் தேடிப் போகாத நிர்வாகம் அதே பிரச்சினையோடு முதலிலிருந்து மல்லுக்கட்டும். நாங்கள் ஒரு தடவை அப்படி ஆறு மாதம் அலைந்திருக்கிறோம்.

யார் யாரைக் கணக்கில் எடுப்பது? தலைவர், செயலாளர் மட்டும் போதுமா?

போதாது. இதில்தான் பெரும்பாலான சங்கங்கள் தவறு செய்கின்றன.

கரந்தையைப் பாருங்கள். தஞ்சாவூரை ஒட்டிய கரந்தையில் 1911 மே 14 அன்று தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கியவர் இராதாகிருஷ்ணப் பிள்ளை. அதன் முதல் தலைவராக இருந்தவர் அவருடைய அண்ணன், வழக்கறிஞர் த. வே. உமாமகேசுவரனார். தம்பி இளவயதிலேயே காலமாகிவிட்டார். அண்ணன் 1941இல் மறையும் வரை 30 ஆண்டுகள் தலைவராக இருந்து சங்கத்தை வளர்த்தார். 1925இல் 'தமிழ்ப் பொழில்' இதழ் வந்தது. 1938இல் புலவர் கல்லூரி வந்தது. 'நீராருங் கடலுடுத்த' பாடலை அரசு 1970இல் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பிருந்தே கரந்தையில் விழாக்களில் பாடிவந்தார்கள். 'தமிழவேள்' என்றால் உமாமகேசுவரனார்தான் என்று இன்றைக்கும் பலருக்குத் தெரியும். விதை போட்ட தம்பியின் பெயரைக் கேட்டால் அந்த வட்டாரத்துக்கு வெளியே பலரும் யோசிப்பார்கள். அண்ணனுக்குக் கிடைத்த புகழ் முழுக்கத் தகுதியானது. தம்பியின் பெயரையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும் என்பதுதான் என் ஆசை.

நீண்ட காலம் இருந்தவர் நினைவில் நிற்பார், தொடங்கிவிட்டுப் போனவர் மறைந்துபோவார். நடுவில் ஓர் ஆண்டு மட்டும் பொறுப்பேற்று, சங்கம் மூடிப்போகாமல் காப்பாற்றியவர் யார் கண்ணிலும் பட மாட்டார். அதனால் எங்கள் பட்டியலுக்கு இப்படி ஓர் அளவு வைத்தோம்: செயற்குழுவில் ஒரு முழுக் காலம் எந்தப் பொறுப்பில் இருந்தவரானாலும் அவர் பெயர் வரும். பதவியே இல்லாமல் பொறுப்பாக இருந்தவர்கள் என்று தனியாக ஒரு பகுதியும் உண்டு. இருபது வருடம் மைக்செட்டுக்கும் நாற்காலிக்கும் ஏற்பாடு செய்தவர், ஆண்டு மலருக்குக் கூலி வாங்காமல் மெய்ப்பு பார்த்த தமிழாசிரியர், நூலக அறையைத் தினமும் மாலை 5 மணிக்குத் திறந்தவர் எல்லாம் அந்தப் பகுதியில் வந்தார்கள். விழாவில் அதிகம் கைதட்டல் வாங்கியதும் அவர்கள்தான்.

பழைய நிர்வாகிகள் பட்டியலே எங்களிடம் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

மினிட்ஸ் நோட்டிலிருந்து. கூட்டத் தீர்மானங்களை எழுதிவைத்த அந்த நோட்டு எங்கேயாவது ஒரு பீரோவில் கிடக்கும். அது கிடைக்காவிட்டால் பதிவு அலுவலகம் இருக்கிறது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் பதிவான சங்கம் என்றால், செயற்குழு மாறும் ஒவ்வொரு முறையும் படிவம் 7இல் புதிய நிர்வாகிகளின் விவரத்தைப் பதிவாளரிடம் தாக்கல் செய்திருக்க வேண்டும். அந்தச் சட்டப்படி ஒரு செயற்குழுவின் காலம் 3 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. மறுபடியும் அதே ஆட்கள் வரலாம், ஆனால் அதையும் பதிய வேண்டும். ஆக, 30 ஆண்டு ஓடிய சங்கத்துக்கு ஒழுங்காகத் தாக்கல் செய்திருந்தால் குறைந்தது 10 பட்டியல் கோப்பில் இருக்கும். சங்கத்தின் லெட்டர்பேடில் எழுதி, கட்டணம் கட்டி, நகல் கேட்டு வாங்கலாம்.

அதற்கு அப்புறம்தான் சுவையான வேலை. பழைய அழைப்பிதழ்களைத் தேடுங்கள். நம் ஊர் அழைப்பிதழ் மாதிரி ஓர் ஆவணம் கிடையாது. தலைமை, முன்னிலை, வரவேற்புரை, நன்றியுரை என்று அன்றைக்கு யார் எந்தப் பொறுப்பில் இருந்தார்கள் என்பது அச்சிலேயே இருக்கும். நன்றியுரை சொன்னவரைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் வேலை செய்தவர் அவராகத்தான் இருப்பார். வங்கியில் யார் யார் கையெழுத்தில் கணக்கு நடந்தது என்று பழைய பாஸ்புக், காசோலை அடிக்கட்டைகளில் பார்க்கலாம். விழாப் போட்டோக்களின் பின்பக்கத்தில் பென்சிலால் பெயர் எழுதியிருப்பார்கள். எழுதியிருக்காவிட்டால், அந்தப் போட்டோவை எடுத்துக்கொண்டு உயிரோடு இருக்கும் மூத்தவரிடம் இன்றைக்கே போங்கள். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டு நாங்கள் ஒருவரை இழந்தோம். அந்தப் படத்தில் இரண்டாவது வரிசையில் நிற்கும் மூன்று பேர் யார் என்று இன்றுவரை தெரியவில்லை.

நினைவிலிருந்து சொல்வதை எழுத்தோடு ஒப்பிட்டுத்தான் சேர்க்க வேண்டும். ஒருவர் 1984 என்பார், அழைப்பிதழில் 1986 என்று இருக்கும். எழுத்தில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தே இல்லையென்றால், "இன்னார் நினைவுப்படி" என்று குறித்துவிடுங்கள்.

பெயர்ப்பலகையில், மலரில் அவர்களைப் பற்றி எவ்வளவு எழுதுவது?

ஒரு வரி போதும். அந்த ஒரு வரியில் ஊர், பெயர், செய்த காரியம் மூன்றும் இருக்க வேண்டும்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு நடுகல். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத் தொல்லியலாளர்கள் கண்டெடுத்த கற்களில் ஒன்று. இரண்டாயிரம் ஆண்டுக்கு முற்பட்டது என்கிறார்கள், தமிழ் பிராமியில் எழுதியது. கூடலூரில் நடந்த ஆகோள் பூசலில் இறந்த, பேடு என்ற ஊரைச் சேர்ந்த தீயன் அந்தவனின் கல் என்பது அதன் பொருள். ஆகோள் என்றால் எதிரியின் மாடுகளைக் கவர்ந்துவரும் சண்டை. எந்தச் சண்டை, எந்த ஊர்க்காரன், என்ன பெயர் என்று எல்லாம் சில சொல்லிலேயே அடங்கிவிட்டது. அடைமொழி ஒன்றுகூட இல்லை. அதனால்தான் இத்தனை காலம் கழித்தும் அவன் யார் என்று நமக்குத் தெரிகிறது.

நம் கேடயங்களில் என்ன எழுதுகிறோம்? "சேவைச் செம்மல்", "தன்னலமற்ற தொண்டர்" என்று எழுதுகிறோம். அந்தக் கேடயத்தை ஐம்பது வருடம் கழித்துப் பார்க்கும் பேரனுக்குத் தாத்தா என்ன செய்தார் என்று தெரியாது. "1979 முதல் 1985 வரை பொருளாளர். சங்க நூலகத்துக்கு 1,200 புத்தகங்கள் சேர்த்தவர்" என்று எழுதிப்பாருங்கள். எழுதுவதற்கு முன் அந்த எண் சரிதானா என்று பதிவேட்டில் பார்க்க வேண்டியிருக்கும். அப்படிப் பார்க்கும் சிரமம்தான் மரியாதை என்று நான் நம்புகிறேன்.

பெயரின் எழுத்துப்பிழையை மட்டும் மன்னிக்கவே முடியாது. தலைப்பெழுத்து, ற/ர, ந/ன எல்லாவற்றையும் அவரிடமோ குடும்பத்தாரிடமோ காட்டி, கையெழுத்து வாங்கிவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.

பொன்னாடை, மாலை எல்லாம் வேண்டாம் என்கிறீர்களா?

இல்லை. பொன்னாடை நம் வழக்கம், எதிரே இருப்பவர்களுக்கு அது சந்தோஷம். ஒரு ஆளுக்கு ஒன்று போதும். வரிசையில் நின்று பதினெட்டுப் பேர் போர்த்த, எழுபது வயதுக்காரர் மே மாத வெயிலில் மேடையில் வேர்த்துக் கொட்டி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காசுக்கு அவர் பெயரில் சங்க நூலகத்துக்குப் புத்தகம் வாங்கி, முதல் பக்கத்தில் அவருடைய வரியை ஒட்டலாம்.

பாராட்டுரையில் என்ன பேச வேண்டும்?

அவரோடு வேலை செய்த ஒருவர், நடந்த ஒரு சம்பவத்தை மூன்று நிமிடத்தில் சொல்லட்டும். சிறப்பு விருந்தினர் பாராட்ட வேண்டாம், அவருக்கு இவரைத் தெரியாது. வெளியூர்ப் பேச்சாளர் ஒருவர் எங்கள் மேடையில் துண்டுச்சீட்டைப் பார்த்து, வாழ்ந்துகொண்டிருப்பவரை "அமரர்" என்று படித்துவிட்டார். அன்றிலிருந்து இந்த விதியை வைத்துக்கொண்டோம்.

இப்போது பதவியில் இருப்பவர்களையும் அதே மேடையில் கௌரவிக்கலாமா?

நன்றி சொல்லலாம், சொல்லவும் வேண்டும். விருதும் பட்டமும் கொடுப்பதைப் பதவிக்காலம் முடிந்து, வரவு செலவு தணிக்கையாகி, பொதுக்குழு ஏற்ற பிறகு வைத்துக்கொள்வது நல்லது.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. உத்திரமேரூர் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊரை 30 குடும்புகளாக, அதாவது பகுதிகளாக, பிரித்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு எடுக்கும் குடவோலை முறையில் வாரியங்களுக்கு, அதாவது ஊர்க் குழுக்களுக்கு, ஆள் எடுத்த விதிகளை அவை விரிவாகச் சொல்கின்றன. பொறுப்பு 360 நாள். வாரியம் செய்து இறங்கியவர் உடனே மறுபடியும் வர முடியாது, மூன்று ஆண்டு போக வேண்டும். கணக்குக் காட்டாமல் போனவர், அவருடைய நெருங்கிய உறவினர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போடவே கூடாது. அந்தச் சபையில் எல்லோருக்கும் இடம் இருக்கவில்லை. நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கான ஏற்பாடு அது. அதை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கணக்கை ஒப்படைப்பதையும் ஊரின் நம்பிக்கையையும் ஒன்றாகக் கட்டிய அந்த விதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

பதவியில் இருக்கும்போது அவர்களுக்கு வேண்டியது வேறு. வீட்டில் பிள்ளைக்குத் தேர்வு என்றால் அந்த மாதக் கூட்டத்தை இன்னொருவர் பார்த்துக்கொள்வது, கைக்காசு போட்டுச் செய்த செலவை அந்த வாரமே திருப்பிக் கொடுப்பது, வாட்ஸ்அப் குழுவில் யாராவது தரக்குறைவாகப் பேசினால் மற்றவர்கள் குறுக்கே நின்று தடுப்பது. எங்கள் செயலாளர் ஒருவர் பதவியை விட்டது வேலைப் பளுவினால் இல்லை. விழா முடிந்த இரவு சாப்பாடு போதவில்லை என்று குழுவில் நாற்பது செய்திகள் வந்தன, அவர் பக்கம் ஒருவரும் பேசவில்லை. நானும் அன்றைக்குப் பேசாமல் இருந்துவிட்டேன். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

சண்டை போட்டு விலகியவர்கள் பெயரையும் சேர்க்க வேண்டுமா?

கட்டாயம் சேர்க்க வேண்டும். எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, என்ன பொறுப்பு, என்ன செய்தார் என்பதை மற்றவர்களுக்கு எழுதுவது போலவே எழுதுங்கள். ஏன் போனார் என்பதை எழுத வேண்டாம். அழைப்பிதழைத் தபாலில் அனுப்பாமல், அவர் காலத்து ஆள் யாராவது நேரில் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். அவர் வராமல் போகலாம். அழைப்பு வந்தது என்பது அவர் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

பணத்தில் கை வைத்தது நிரூபணமானவர் விஷயம் வேறு. அவர் பெயர் நிர்வாகிகள் பட்டியலில் உள்ளபடி இருக்கும். வரலாற்றைத் திருத்த நமக்கு உரிமை இல்லை. மேடைக்கு அழைக்க வேண்டிய கடமையும் நமக்கு இல்லை.

எங்கள் பட்டியலில் பெண்களே இல்லை. என்ன செய்வது?

பட்டியலில் இல்லை என்றால் வேலையில் இல்லை என்று ஆகாது. எங்கள் பழைய நோட்டுகளில் "மகளிர் உபசரிப்பைக் கவனித்துக்கொண்டனர்" என்ற வரி திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு பெயர்கூட இல்லை. அப்புறம் விசாரித்தபோது தெரிந்தது: ஒரு செயலாளரின் மனைவி ஒன்பது ஆண்டுகள் எல்லா அழைப்பிதழ்களுக்கும் முகவரி எழுதியிருக்கிறார். அஞ்சலகத்தில் வேலை பார்த்த இன்னொரு அம்மா, வீடு மாறிப்போன உறுப்பினர்களின் புதிய முகவரிகளை அவர்களிடமே கேட்டு வாங்கி ஒரு நோட்டில் திருத்தி வைத்திருக்கிறார். இசைப் பள்ளி மாணவிகளை இறைவணக்கத்துக்கு அழைத்து வந்து, இரவு ஒவ்வொருவரையும் வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பிய ஆசிரியை ஒருவர் உண்டு.

அவர்களைத் "திருமதி இன்னார்" என்று கணவர் பெயரால் போடாதீர்கள். அவர்கள் பெயரைக் கேட்டு எழுதுங்கள். பெயரைக் கேட்டதும் ஒரு பாட்டி, "என் பேரா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

மறைந்துவிட்டவர்களுக்கு என்ன செய்வது?

படத்திறப்பு நம்மிடம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் திறந்த படம் அடுத்த வருடம் வெள்ளையடிக்கும்போது கழற்றி வைக்கப்பட்டு, திரும்ப மாட்டப்படாமல் போவதையும் பார்க்கிறோம். படத்தின் கீழே அந்த ஒரு வரியை ஒட்டுங்கள். படத்தைக் கவனிக்கும் பொறுப்பை ஓர் ஆளிடம் பெயர் சொல்லிக் கொடுங்கள்.

உமாமகேசுவரனாரின் கடைசிப் பயணத்தை நினைத்தால் எனக்கு மனம் கனக்கும். சாந்திநிகேதனைப் போலக் கரந்தையும் ஒரு கல்விச்சாலையாக வளர வேண்டும் என்ற கனவோடு, 58 வயதில் வடநாட்டுக்குப் புறப்பட்டார். சாந்திநிகேதனைப் பார்த்தார். பயணத்திலேயே, அயோத்திக்கு அருகே பைசாபாத்தில், 1941 மே 9 அன்று உயிர் பிரிந்தது. சங்கம் அவரோடு நின்றுவிடவில்லை, நூற்றாண்டைக் கடந்து இன்றும் இயங்குகிறது. மறைந்தவருக்குச் சங்கம் செய்யக்கூடிய பெரிய காரியம், அவர் பாதியில் விட்ட வேலை எதுவென்று கண்டுபிடித்து எடுத்துச் செய்வது. நினைவேந்தல் கூட்டத்தில் அதை ஒரு தீர்மானமாகவே போடலாம்.

குடும்பத்தாரைக் கூப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். அவர் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் சங்கத்துக்குக் கொடுத்தார் என்றால், அந்த வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லாமல் போயிற்று என்று பொருள். மேடையில் அந்த நன்றியை அவர்களுக்குத் தனியாகச் சொல்லுங்கள்.

பணமுடிப்பு கொடுக்கலாமா?

நலிந்த நிலையில் இருக்கும் மூத்தவருக்கு உதவி தேவையென்றால் தனிப்பட்ட முறையில் நண்பர்கள் சேர்ந்து கொடுங்கள், மேடையில் வேண்டாம். சங்கப் பணத்திலிருந்து கொடுப்பதானால் முதலில் ஆடிட்டரைக் கேளுங்கள். வருமான வரிவிலக்குப் பெற்ற அமைப்பு என்றால், நிர்வாகிகளுக்கும் அவர்கள் உறவினர்களுக்கும் சங்கத்தின் பணம் போவது சிக்கலில் விடும்.

அவர்கள் பெயரில் விருதோ அறக்கட்டளையோ தொடங்குவது எப்படி?

பெயர் வைப்பது சுலபம், ஆண்டுதோறும் நடத்துவதுதான் கஷ்டம். வட்டிப் பணத்தில் நடக்கும் அளவுக்கு வைப்புத்தொகை சேர்ந்த பிறகு அறிவியுங்கள். அவருடைய வேலைக்கும் விருதுக்கும் ஒரு தொடர்பும் இருக்கட்டும்.

நூலகவியல் அறிஞர் சீ. இரா. அரங்கநாதனை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக முழுநேரம் உழைத்துக்கொண்டே, 1928இல் தொடங்கிய சென்னை நூலகச் சங்கத்தின் செயலாளர் பொறுப்பையும் 1945 வரை சுமந்தவர். ஊருக்கு ஊர் பொது நூலகம் வேண்டும் என்று அந்தச் சங்கம் விடாமல் கேட்டுவந்தது. 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. பிற்காலத்தில் தன் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்து, நூலகவியலுக்கு ஒரு பேராசிரியர் இருக்கை அமைத்தார். அதற்கு அவர் வைத்தது தன் மனைவி சாரதாவின் பெயரையும் சேர்த்து. அவருடைய பிறந்தநாளாகக் கொண்டாடப்படும் ஆகஸ்ட் 12 இன்று தேசிய நூலகர் நாள். உங்கள் சங்கத்தில் நூலகத்தைக் கவனித்தவர்களை அன்றைக்கு அழைத்துப் பேசவைத்தால் பொருத்தமாக இருக்கும்.

எந்த நாளில் வைத்துக்கொள்வது?

சங்கம் தொடங்கிய நாள் இருக்கவே இருக்கிறது. டிசம்பர் 5, ஐ.நா. 1985இல் அறிவித்த பன்னாட்டுத் தன்னார்வலர் நாள். 2026ஐயும் தன்னார்வலர் ஆண்டாக அறிவித்திருக்கிறார்கள். ஆனால் டிசம்பரில் நம் பக்கம் மழை பிடித்துக்கொள்ளும், முதியவர்கள் வருவது சிரமம். பகல் 11 மணிக்கு, தரைத்தளத்தில், கழிப்பறை பக்கத்தில் இருக்கும் மண்டபமாகப் பாருங்கள்.

முன்னாள் தலைவர்கள் எல்லாவற்றிலும் தலையிடுகிறார்கள். அவர்களைக் கௌரவித்தால் அது இன்னும் அதிகமாகாதா?

என் அனுபவத்தில் குறையும். தான் செய்தது மறந்துபோய்விடுமோ என்ற பயம்தான் பாதித் தலையீட்டுக்குக் காரணம். "கௌரவ ஆலோசகர்" என்று வெறும் பெயரைக் கொடுத்து உட்கார வைக்காமல், ஒரு குறிப்பிட்ட வேலையைக் கொடுங்கள். சங்க வரலாற்றை எழுதுவது, பழைய உறுப்பினர்களின் முகவரியைப் புதுப்பிப்பது மாதிரி. செயற்குழுவில் வாக்கு இல்லை என்பதை அன்றைக்கே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.

திரட்டிய ஆவணங்களை எங்கே வைப்பது?

ஒரே இடத்தில் மட்டும் வைக்காதீர்கள். 1933இல் க. மு. செல்லப்பா என்பவர் தன் வீட்டில் தொடங்கிய சிறிய வாசகசாலையிலிருந்து யாழ்ப்பாணப் பொது நூலகம் வளர்ந்தது. ஊர் மக்கள் சேர்ந்து காசு கொடுத்து வளர்த்த நூலகம். 1981 ஜூன் 1ஆம் தேதிக்கு முந்தைய இரவு அது எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் பிரதி இல்லாத ஓலைச்சுவடிகளும் அவற்றில் இருந்தன. நம் மினிட்ஸ் நோட்டுக்குக் கரையானே போதும். ஒவ்வொரு பக்கத்தையும் செல்பேசியில் படம் எடுத்து, மூன்று பேரிடம் ஒவ்வொரு பிரதி இருக்கட்டும். அசலைச் சங்கத்தில் வையுங்கள், செயலாளர் வீட்டில் வேண்டாம்.

மேடைக்கு வர முடியாத அளவுக்கு முதுமையில் இருப்பவர்களை என்ன செய்வது?

நாம் போக வேண்டும். நாலைந்து பேர் போதும், அரை மணி நேரம் போதும். முன்கூட்டியே வீட்டில் சொல்லிவிட்டு, அவர் தெம்பாக இருக்கும் நேரம் பார்த்துப் போங்கள்.

எண்பதுகளில் எங்கள் செயலாளராக இருந்த ஓர் அம்மாவைப் பார்க்க அப்படிப் போனோம். கட்டிலில்தான் இருந்தார். எங்களை அடையாளம் தெரியவில்லை, மகள்தான் ஒவ்வொருவராகச் சொன்னார். பழத்தட்டை வைத்துவிட்டு, பலகைக்காகத் தட்டச்சு செய்திருந்த அவருடைய வரியை வாசித்தேன். சங்கத்தில் இலவச மாலை வகுப்பு தொடங்க முதன்முதலில் தீர்மானம் கொண்டுவந்தவர் என்று எழுதியிருந்தோம். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் கையை லேசாகத் தூக்கினார். "நான் கொண்டுவரலை. நூலகத்தைப் பாத்துக்கிட்டாரே, அவர் கொண்டுவந்தது. நான் எழுதுனேன், அவ்வளவுதான்" என்றார்.

திரும்பி வந்ததும் அந்த நோட்டை எடுத்துப் பார்த்தோம். முன்மொழிந்தவர் என்ற இடத்தில், அந்த அம்மாவின் சாய்ந்த கையெழுத்தில், நூலகரின் பெயர்தான் இருந்தது. பலகைக்குக் கொடுத்திருந்த கடைக்கு அன்று மாலையே போய் இரண்டு பேருடைய வரியையும் மாற்றச் சொன்னோம்.